போனைக் கொஞ்சம் ஓரம் வைத்தால் உண்மையில் என்ன கிடைக்கும்?

"ஒரு வாரம் போனைத் தொடாமல் இருந்தால் உடம்புக்கும் மனதுக்கும் நல்லது என்கிறார்களே, இதற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லை இதுவும் ஒரு ஃபேஷனா? எனக்கு ஐடி வேலை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். போனை அணைத்துப் பெட்டியில் வைக்கிற நிலைமை இல்லை." இதுதான் கேள்வி.

ஆதாரம் இருக்கிறது. ஆனால் மலையடிவார ரிசார்ட்டுகள் 'டிஜிட்டல் விரதம்' என்று பேக்கேஜ் போட்டு விற்கிற அளவுக்கு இல்லை. தூக்கத்துக்கு நல்ல ஆதாரம், மனநிலைக்கு ஓரளவு, கழுத்து வலிக்குக் கொஞ்சம் என்று இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் கேட்கிற அந்த ஒரு வார விரதத்தை விட, தினமும் ராத்திரி போனைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பதுதான் உங்களுக்கு உதவும் என்பது என் கட்சி. நான் கல்லூரியில் உளவியல் சொல்லித் தருபவன். அதனால் மனம், கவனம் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தில் தொடங்குகிறேன். பலன் சீக்கிரம் தெரிவது அங்கேதான். நம் விழித்திரையில் உருவங்களைப் பார்க்கும் செல்கள் தவிர, வெளியே வெளிச்சம் எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே வேறு சில செல்கள் இருக்கின்றன. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டால் அவை அதிகம் விழித்துக்கொள்ளும். இருட்டிய பிறகு அந்த ஒளி கண்ணில் விழுந்துகொண்டே இருந்தால், இன்னும் பொழுது சாயவில்லை என்று நினைத்து மூளை, தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதைத் தள்ளிப்போடும். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஆன்-மேரி சாங், சார்லஸ் சைஸ்லர் குழுவினர் இதை நேரடியாகச் சோதித்து 2014 கடைசியில் வெளியிட்டார்கள். 12 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, ஐந்து இரவுகள் தூங்கும் முன் நான்கு மணி நேரம் ஐபேடில் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகம். ஐபேட் இரவுகளில் தூக்கம் பிடிக்கச் சராசரியாக 10 நிமிடம் கூடுதலானது. மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது. உடம்பின் கடிகாரம் சுமார் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. காலையில் எழுந்த பிறகும் மந்தம் போக நேரம் பிடித்தது.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர் என்றால் உடனே கேட்பீர்கள்: 12 பேர்தானே, முழு வெளிச்சத்தில் நான்கு மணி நேரம் யார் ஐபேட் பார்க்கிறார்கள், கிடைத்ததும் வெறும் 10 நிமிடம்தானே என்று. நியாயமான கேள்வி. போன் திரை சின்னது, வெளிச்சமும் குறைவு. அதனால் ஒளியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணாடிக் கடையில் 'ப்ளூ கட்' லென்ஸ் என்று கூடுதல் காசு கேட்பார்களே, அதைப் பற்றி 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆதாரங்களை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வறிக்கை 2023-இல் வந்தது. கண் அசதியைக் குறைப்பதில் அந்த லென்ஸுக்கும் சாதாரண லென்ஸுக்கும் குறுகிய காலத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொன்னார்கள். தூக்கத்துக்கு அது உதவும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

ராத்திரியில் நிஜமாகத் தூக்கத்தைத் தின்பது திரையில் ஓடுகிற சமாச்சாரம். பேப்பர் படித்தால் கடைசிப் பக்கம் வரும். சீரியலுக்கு 'தொடரும்' வரும். ரீல்ஸில் அப்படி ஓர் இடமே கிடையாது. முடிவில்லாமல் கீழே இழுத்துக்கொண்டே போகிற அந்த வடிவத்தை 2006-இல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். பந்தியில் நீங்கள் இலையை மூடப்போகும் ஒவ்வொரு முறையும் ஒருவர் வந்து ஒரு கரண்டி போட்டுவிட்டுப் போனால் எவ்வளவு சாப்பிட்டோம் என்று தெரியாது இல்லையா, அப்படித்தான். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டியது இது: கொத்தினால் ஒவ்வொரு முறையும் தானியம் வருவதை விட, எப்போது வரும் என்று தெரியாமல் எப்போதாவது வந்தால்தான் புறா விடாமல் கொத்தும். அடுத்த வீடியோ அறுவையாக இருக்கலாம், அதற்கடுத்தது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கலாம். அந்த 'லாம்'தான் ராத்திரி பன்னிரண்டரை வரை உட்கார வைக்கிறது. இப்படி வடிவமைத்த ஒன்றிடம் மன உறுதி மட்டும் வைத்து மல்லுக்கட்டுவது வீண் வேலை. போன் எட்டாத தூரத்தில் இருந்தால் மல்லுக்கட்டே தேவையில்லை.

சரி, பகல் நேர நன்மைகளுக்கு வருவோம். இதில் இரண்டு பெரிய சோதனைகள் உண்டு, இரண்டையுமே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலாவது, ஹன்ட் ஆல்காட், மேத்யூ ஜென்ட்ஸ்கோ முதலான பொருளாதார அறிஞர்கள் செய்தது. 2018 நவம்பர் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன், ஃபேஸ்புக் பயன்படுத்துபவர்களில் ஒரு பகுதியினருக்கு 102 டாலர் கொடுத்து நான்கு வாரம் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். முடிவுகள் 2020-இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ'வில் வந்தன. சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கைக்கு வந்தது. மகிழ்ச்சியும் வாழ்க்கைத் திருப்தியும் கூடின, ஆனால் சின்ன அளவில்தான். அரசியல் காழ்ப்பு குறைந்தது. கூடவே நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. இதை விட எனக்கு முக்கியமாகப் படுவது, சோதனை முடிந்து யாரும் தடுக்காதபோதும் அவர்கள் ஃபேஸ்புக்கில் செலவிட்ட நேரம் மற்றவர்களை விட சுமார் 22% குறைவாகவே இருந்தது. விட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு தேவை என்று தெரிகிறது போலும்.

அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது தெரியுமா? கொஞ்சம் குடும்பத்தோடும் நண்பர்களோடும். கொஞ்சம் தனியாக டிவி பார்ப்பதில். நம் வீடுகளிலும் இதே கதைதான். அப்பா போனை வைத்துவிட்டு 'இன்று முதல் போன் கிடையாது' என்பார், பத்து நிமிடத்தில் செய்தி சேனல் விவாதம் கூரையைப் பிளக்கும். திரையின் அளவு பெரிதானதுதான் மிச்சம்.

இரண்டாவது சோதனை 2025-இல் வந்தது, 'பிஎன்ஏஎஸ் நெக்சஸ்' இதழில். நோவா காஸ்டெலோ, கோஸ்டடின் குஷ்லெவ் உள்ளிட்டோர் செய்தது. உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது இதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 467 பேரின் போனில் இரண்டு வாரம் இணையத்தை மட்டும் தடுத்தார்கள். பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம், கம்ப்யூட்டரில் இணையம் பார்க்கலாம். அதாவது பழைய பட்டன் போன் காலம். ஒரு நாளைக்கு 314 நிமிடமாக இருந்த போன் நேரம் 161 நிமிடமானது. மனநிலை, வாழ்க்கைத் திருப்தி, தொடர்ந்து கவனிக்கும் திறன் ஆகிய மூன்றில் ஒன்றாவது 91% பேருக்கு முன்னேறியது. கவனத்தில் கிடைத்த முன்னேற்றம் பத்து வயது குறைந்ததற்குச் சமம் என்று கணக்குப் போட்டார்கள். ஏன் முன்னேறியது என்று பார்த்தபோது, நேரில் ஆட்களைப் பார்த்துப் பேசியது, உடற்பயிற்சி, வெளியில் மரம் செடிகள் நடுவே இருந்தது, கொஞ்சம் கூடுதல் தூக்கம் என்று பதில் வந்தது. போன் இல்லாமல் போனதால் மட்டும் யாருக்கும் நன்மை வந்து குதிக்கவில்லை. காலியான இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதுதான் விஷயம். இந்தக் கேள்விக்கு என் மொத்தப் பதிலே கிட்டத்தட்ட இதுதான்.

இன்னொரு எண்ணையும் மறைக்கக் கூடாது. ஒத்துக்கொண்டு வந்தவர்களிலேயே சுமார் கால்வாசிப் பேர்தான் அந்தத் தடையைச் சொன்னபடி கடைப்பிடித்தார்கள். மற்றவர்களால் முழுக்க முடியவில்லை. ஆகவே உங்களால் ஒரு வாரம் முடியவில்லை என்றால் உங்களிடம் ஏதோ குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கவனம் பற்றி ஒரு பிரபலமான ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டு குழுவினர் செய்தது: போன் மேஜையில் கவிழ்ந்து சும்மா கிடந்தாலே, பக்கத்து அறையில் இருப்பதை விட, மூளையின் வேலைத்திறன் குறைகிறது என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை மறுபடி செய்து பார்த்தவர்கள் சிலருக்கு அதே முடிவு வரவில்லை. ஆகவே நான் அதை வகுப்பில் 'இருக்கலாம்' என்ற வரிசையில்தான் வைக்கிறேன். இதை விட உறுதியானது, வேலையின் நடுவே தாவுவதற்கு ஒரு விலை உண்டு என்பது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் க்ளோரியா மார்க் 2004-இல் அளந்தபோது அலுவலக ஊழியர்கள் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றார்கள். பின்னாளைய அளவீடுகளில் அது 47 விநாடிக்கு இறங்கிவிட்டது. கோட் எழுதுபவருக்கு இதன் அர்த்தம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலைக்குள் ஏற்றி வைத்த நாலு மாறிகளும், ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் ஒரு 'டிங்' கேட்டதும் கொட்டிப் போகும்.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் லட்சக்கணக்கான பதின்வயதினரின் தரவுகளை அலசி 2019-இல் சொன்னது: நல்வாழ்வில் மாணவருக்கு மாணவர் இருக்கும் வேறுபாட்டில், டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்கக்கூடியது அதிகபட்சம் 0.4%. 'போன் ஒரு தலைமுறையையே அழித்துவிட்டது' என்று மேடையில் முழங்குபவர்களுக்கு இது கசக்கும். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. சராசரி என்பது, அக்காவின் வளைகாப்பு வீடியோவை துபாயிலிருந்து பார்த்து சந்தோஷப்படுபவரையும், பரீட்சைக்கு முந்தின நாள் விடிய விடிய கேம் ஆடுபவனையும் ஒரே கூடையில் போட்டுக் கூட்டி வகுப்பது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து 2018-இல் ஒரு சோதனை நடந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு 10 நிமிடம்தான் அனுமதி, மூன்று வாரத்துக்கு. தனிமை உணர்வு குறைந்தது. மனச்சோர்வு குறைந்ததோ, ஏற்கெனவே அது அதிகம் இருந்தவர்களுக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது. போனுக்குக் கொடுக்கும் ஓய்வு எல்லோருக்கும் ஒரே அளவில் வேலை செய்யாது.

கண்ணுக்கு வருவோம். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். கண் உலர்ந்து எரிவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வது, கிட்டத்தில் குவிந்தே கிடக்கும் கண் தசையைத் தளர்த்தவும் ஒழுங்காக இமைக்கவும்தான். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இது இதைவிடத் தீவிரமானது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூட்டினார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளில் 30.4% பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது; வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5%. காரணம் பெரும்பாலும் பகல் வெளிச்சம் என்று கருதுகிறார்கள். வீட்டுக்குள் எத்தனை ட்யூப்லைட் போட்டாலும் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தேறும், வெளியே வெயிலில் பத்தாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். கவனியுங்கள், அந்தச் சோதனையில் யாரும் போனைப் பிடுங்கவில்லை. வெளியே அனுப்பினார்கள், அவ்வளவுதான். டேப்லெட்டைப் பிடுங்கிவிட்டு டியூஷனுக்கு அனுப்பினால் கண்ணுக்கு எந்த லாபமும் இல்லை. கழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலையை 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ பாரம் என்று சுற்றும் படம் ஒரு கணினி மாதிரியின் கணக்கு. குனிந்தே இருந்தால் வலிக்கும், நிமிர்ந்தால் குறையும், அது போதும்.

இனி நீங்கள் சொன்ன சிக்கல். 'என்னால் அணைக்க முடியாது.' தனி ஆளாக அணைப்பது எல்லோருக்குமே கஷ்டம்தான். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனா கால ஆன்லைன் வகுப்புக்காகக் கைக்கு வந்த போனை, பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் கீழே வைக்கவில்லை என்று ஊர்ப் பெண்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். 2022 ஆகஸ்ட் 15 முதல் ஊரில் ஒரு வழக்கம் வந்தது. சாயங்காலம் 7 மணிக்கு சைரன் ஊதும். போனும் டிவியும் அணைக்கப்படும். 8.30-க்கு மறுபடி ஊதும். முதலில் ஊரார் சிரித்தார்களாம். அப்புறம் ஊராட்சி ஆட்களும் சுகாதாரப் பணியாளர்களும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பழக்கினார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சைரன். 'நீ மட்டும் வை' என்றால் எந்தப் பிள்ளையும் கேட்காது, கேட்கவும் கூடாது. ஊரே அணைத்திருந்தால் எதையும் தவறவிடுகிறோம் என்ற பதைப்பும் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் படிக்கவும் அரட்டையடிக்கவும் ஆள் இருக்கிறது. உங்கள் அடுக்ககத்தில் சைரன் வைக்கச் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாடு நேரத்தை மட்டும் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் போதும், மாமியாரின் சீரியல் நேரத்தை அனுசரித்தே வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் சமாதானமும் முக்கியம்.

வேலைப் பக்கம், முழுக்க நிறுத்துவதை விடத் தொகுத்து வாங்குவது நல்லது. 2019-இல் வந்த ஓர் ஆய்வில், நோட்டிஃபிகேஷன்களை ஒரு நாளைக்கு மூன்றே முறை மொத்தமாகப் பெற்றவர்களுக்கு மன அழுத்தம் குறைந்தது. ஒன்றுமே வராமல் முழுக்க நிறுத்தப்பட்டவர்களுக்கோ பதற்றம் கூடியது. எனவே ஓடிபி, வங்கி, வீட்டு அழைப்பு இவற்றை விட்டுவைத்து மற்றதை எல்லாம் ஊமையாக்குங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மா எண்ணும் பள்ளி எண்ணும் எந்த நேரமும் ஒலிக்கும்படி வைக்க எல்லா போனிலும் வசதி உண்டு. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும் என்றால் ஆறு மணிக்கு ஒரு தடவை பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 'வீட்டுப்பாடம் பார்க்கிறேன்' என்று போன் பிள்ளை கைக்குப் போனால் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்குங்கள். போன் படுக்கையறையில் இருப்பதற்கு எல்லோரும் சொல்லும் ஒரே சாக்கு அலாரம்தான். சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள்.

மேலாளர் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் போடுவது மட்டும் உங்கள் கையில் இல்லை. பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரம் முடிந்த பின் தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இங்கே எம்.பி. சுப்ரியா சுலே மக்களவையில் இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. அதுவரை, அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவரிடம் 'ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் அணை' என்று அறிவுரை சொல்வது அநியாயம். அவர் வேலை முடிந்து படுக்கும் முன் கடைசி அரை மணி நேரத்தைக் காப்பாற்றிக்கொண்டால் போதும், கடிகாரத்தில் அது எத்தனை மணியாக இருந்தாலும் சரி.

முதல் இரண்டு மூன்று நாள் கை தானாக போனைத் தேடும். வராத அழைப்புக்குப் பை அதிர்வது போலத் தோன்றும். 2010-இல் மருத்துவமனை ஊழியர்களிடம் கேட்டபோது 68% பேர் இப்படி இல்லாத அதிர்வை உணர்ந்ததாகச் சொன்னார்கள், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. சலிப்பும் வரும். பிள்ளைகள் 'போர் அடிக்கிறது' என்று காலைச் சுற்றுவார்கள். உடனே எதையாவது கொடுத்து அடைக்காமல் விட்டால் அவர்களே மொட்டை மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ வழி கண்டுபிடிப்பார்கள்.

பதின்வயதுப் பிள்ளை விளையாட்டில் மூழ்கிப் பள்ளியை விட்டு, சாப்பாட்டை விட்டு, போனை வாங்கினால் பொருட்களை உடைக்கிறான் அல்லது தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் நான் மேலே சொன்ன எதுவும் அவனுக்குப் பொருந்தாது. திடீரென்று பிடுங்குவது நிலைமையை மோசமாக்கும். உலக சுகாதார நிறுவனம் கேமிங் பாதிப்பை 2022 முதல் நடைமுறையில் உள்ள தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டிய விஷயம் அது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் இதற்கென்றே 'ஷட்' என்ற சிகிச்சைப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது. அவ்வளவு தூரம் போகும் முன், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.